டைக்காகிராஃபி: மடிப்பிலிருந்து வந்த சொல்

டைக்காகிராஃபி என்பது படமெடுக்கும் லென்ஸ் இல்லாமல், பொருளில் பட்டுச் சிதறிய கதிர்களின் பதிவுகளிலிருந்து கணினியால் படத்தை மீட்கும் நுண்ணோக்கி முறை. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் ஒரு ‘பி’ நிற்கும். வாய்விட்டு வாசிக்கும்போது அது ஒலிக்காது. மூலமான கிரேக்கத்தில் ஒலித்தது. அங்கே ‘ப்டுகே’ என்றால் மடிப்பு. இரண்டு பலகைகளைக் கீல் வைத்து இணைத்து, புத்தகம்போல் மூடித் திறக்கும் தேவாலய ஓவியத்தை ‘டிப்டிக்’ என்பதும் இந்த வேரிலிருந்துதான்.

நுண்ணோக்கித் துறைக்குள் மடிப்பு நுழைந்தது ஜெர்மன் மொழி வழியாக. 1969இல் ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ஹோப்பே எலக்ட்ரான் விளிம்பு விளைவுக்காக (எலக்ட்ரான் அலை பொருளில் பட்டு வளைந்து சிதறுவதற்காக) இந்த முறையை முன்வைத்தார். 1970இல் அவரும் ஹெகெர்லும் பெயர் சூட்டினார்கள். இரண்டு சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திக் கலக்கும் கணக்கை ஜெர்மானியர் ‘ஃபால்டுங்’, அதாவது மடித்தல், என்பார்கள். பொருளின் விளிம்பு விளைவுக் கோலத்தோடு, அதன்மேல் விழும் கற்றையின் கோலமும் இப்படி மடிந்தே உணரியில் பதிகிறது. அந்த மடிப்பைப் பிரித்துப் பொருளை மீட்பதுதான் இந்தக் கலை.

இதன் அருமை, லென்ஸ் கைகொடுக்காத இடத்தில் தெரியும். சிப் தயாரிப்பில் பயன்படும் 13.5 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடி விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். எனவே வெற்றிடத்தில், லென்ஸ் இல்லாமல், சிதறி வரும் ஒளியை நேரே உணரியில் பிடிக்கிறார்கள். பதிவைப் பார்த்தால் பொருளின் சாயலே இருக்காது. வெறும் புள்ளிகளும் கோடுகளும்தான். உணரி ஒளியின் செறிவை அளக்கும், அலைக்கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, தவறவிட்டுவிடும். அதை மீட்க, ஓடு வேய்வதுபோல் ஒளிப்புள்ளியை முந்தைய இடத்தின்மேல் பாதிக்கு மேல் படியுமாறு நகர்த்தி நகர்த்திப் பதிவு எடுக்கிறார்கள். இரண்டு பதிவுகளுக்கும் பொதுவான பகுதியில் ஒரே பொருள்தான் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தைப் பிடித்துக்கொண்டு கணினி திரும்பத் திரும்பத் திருத்திப் படத்தை எழுப்புகிறது. அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்தில் மார்கரெட் மர்னேன், ஹென்றி கப்டெய்ன் குழுவினர் மேசைமேல் அடங்கும் 13.5 நானோமீட்டர் ஒளிமூலத்தைக் கொண்டு, சீராக அடுக்கிய நுண்வடிவங்களை 12.6 நானோமீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்து 2017இல் வெளியிட்டார்கள். பயன்படுத்திய ஒளியின் அலைநீளத்தைவிட அது சிறியது!

டைக்காகிராஃபியைத் தமிழில் ‘வில்லையில்லாப் படமெடுப்பு’ (வில்லை என்றால் லென்ஸ்) என்று சொல்லிவிடலாம். ஆனால் அது குடும்பப் பெயர், முப்பரிமாணப் படம் தரும் ஹோலோகிராஃபியின் சில வகைகளும் அதில் அடங்கும். ‘மடிப்புப் படவியல்’ என்பதே என் தேர்வு. இருமடங்கு, மும்மடங்கு என்று எண்ணிக்கைக்குள்ளேயே மடிப்பை வைத்திருக்கும் மொழிக்கு இது அந்நியமாக ஒலிக்காது.

கூடவே, மேலே சொன்ன 13.5 நானோமீட்டர் ஒளிக்கு வழங்கும் ‘தீவிரப் புறஊதா’ என்ற பெயரையும் திருத்த வேண்டும். தீவிரம் என்றதும் ஒளியின் வலிமை என்று மாணவர் நினைத்துவிடுவார். மூலச் சொல்லான ‘எக்ஸ்ட்ரீம்’ குறிப்பது புறஊதாப் பட்டையின் கடைக்கோடியை, எக்ஸ் கதிரை ஒட்டிய விளிம்பை. ‘கடைப் புறஊதா’ போதும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “சிப்பின் அச்சுத் தகட்டில் குறை இருக்கிறதா என்று கடைப் புறஊதா மடிப்புப் படவியலால் சோதித்தார்கள்.”