ஜெய்ப்பூர் நீலத் தட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஜெய்ப்பூர் போனவர்கள் வாங்கிவந்து சுவரில் மாட்டுகிற நீலப் பூப்போட்ட தட்டில், குயவர் சக்கரத்தில் வனைகிற களிமண் கிடையாது. பெரும்பகுதி குவார்ட்ஸ் கல்லை அரைத்த தூள்தான். அதோடு கண்ணாடித்தூள், கொஞ்சம் முல்தானி மிட்டி, வெண்காரம், பிசின். இந்தக் கலவைக்குக் களிமண்ணின் இழுவை வராது, சக்கரத்தில் இழுத்து ஏற்றினால் பிய்ந்துவிடும். அதனால் சப்பாத்தி போலத் தட்டி அச்சுக்குள் விரிக்கிறார்கள். வடிவம் சரியாமல் இருக்க உள்ளே சாம்பலை நிரப்பி மெல்ல அழுத்தி, அச்சோடு கவிழ்த்து, அச்சை மட்டும் எடுத்துவிட்டுக் காயவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? மேலே இருக்கும் நிறத்துக்காக. நிறம் தரும் செம்பு ஆக்சைடு, ஈயம் மிகுந்த கிளேஸில் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சில்) பச்சையாகிவிடும். சோடா போன்ற காரப்பொருள் மிகுந்த கிளேஸில்தான் அந்த மயில்கழுத்து நிறம் வரும். ஆனால் அப்படிப்பட்ட கிளேஸ் ஆறும்போது நிறையச் சுருங்கும். அடியில் இருக்கும் சாதாரணக் களிமண் அந்த அளவு சுருங்காது. அப்புறம் மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல்தான். குவார்ட்ஸும் சூட்டில் நன்றாக விரிந்து, ஆறும்போது நன்றாகச் சுருங்குவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன.

இது மேற்காசியக் குயவர்கள் கண்ட வழி. ஈரானின் காஷான் நகரத்து அபுல் காசிம் 1301-இல் எழுதிவைத்த கணக்கு: 10 பங்கு குவார்ட்ஸ், 1 பங்கு கண்ணாடி, 1 பங்கு வெள்ளைக் களிமண். வெப்ப விரிவைக் கணக்கிட வழியில்லாத காலத்தில், சூளையை மட்டுமே நம்பி இந்த அளவை எட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

ஓவியர் தீட்டும்போது நீலம் கண்ணிலேயே படாது. அடர்நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடு கருப்புத் தூள். தூரிகையில் எடுத்தாலும் கருமையாகத்தான் இருக்கும். மேலே கிளேஸ் பூசிச் சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது கோபால்ட் உருகிய கண்ணாடியில் கரைகிறது. ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்துகொள்கின்றன. அந்த அமைப்பு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதி ஒளியை விழுங்கிவிட, நமக்கு நீலம் மிஞ்சுகிறது. சுடுவது ஒரே ஒரு தடவைதான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அழியும் நிலைக்கு வந்த இந்தக் கலையை மீட்டதில் ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வாங்கியவர்களுக்கு ஒன்று: குறைந்த சூட்டில் சுடுவதால் உடல்பகுதி முழுக்க இறுகுவதில்லை. ஓரம் பெயர்ந்தால் அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்கும். சில கிளேஸ்களில் ஈயம் சேர்ப்பதும் உண்டு. அலங்காரத்துக்கென்று விற்பதில் சாப்பாடு பரிமாற வேண்டாம்.