ஷெல்டருக்குள் ரவுட்டர் வைத்தால் வைஃபை என்னாகும்?

சிங்கப்பூரில் புது பிடிஓ வீட்டில் (முன்பதிவு செய்தபின் கட்டித்தரும் அரசாங்க அடுக்குமாடி வீடு) பால் காய்ச்சிக் குடிபோனவர்களிடம் சில வாரத்தில் கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "பெரிய பிளானாத்தான் போட்டோம். ஹால்ல பறக்குது, மாஸ்டர் ரூம்ல சுத்திக்கிட்டே இருக்கு." சிலர் அதைவிடப் பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வீண். ஃபைபரில் வரும் வேகம் ரவுட்டர் வரைக்கும்தான். அங்கிருந்து கைபேசிக்குப் போகிற கடைசிச் சில மீட்டரில்தான் எல்லாச் சிக்கலும்.

அந்தச் சில மீட்டருக்கு நடுவே நிற்பது பாம் ஷெல்டர். 1997-ல் நிறைவேறிய சட்டத்தையடுத்துப் புதிய வீடுகளில் இந்தக் காப்பறை கட்டாயமானது. கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு என்று வெடிப்பைத் தாங்கக் கட்டிய அறை. அதை நாம் ஸ்டோர்ரூம் ஆக்கி, ஹாலில் இருந்தால் அழகு கெடுகிறதென்று ரவுட்டரையும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ரேடியோ அலைக்கு இதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது. கான்கிரீட் அலையை உறிஞ்சும், இரும்பு திருப்பியடிக்கும். இந்த இழப்பை டெசிபலில் அளப்பார்கள். 10 டெசிபல் போனால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், 20 போனால் நூறில் ஒரு பங்கு. கம்பி கட்டிய சுவர் ஒன்றே அவ்வளவையும் தின்றுவிடக்கூடியது. ஷெல்டர் கதவைத் திறந்துவைத்து ஒரு தடவை, சாத்திவிட்டு ஒரு தடவை, ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஃபைபர் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். ரவுட்டர் தனிக் கருவியாக இருந்தால் அதை மட்டும் கேபிளில் வெளியே கொண்டுவந்தால் போதும்.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். 2.4 அலை அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். சுவரைக் கொஞ்சம் நன்றாகவே கடக்கும். அப்படியென்றால் 2.4-லேயே இருந்துவிடலாமே? அங்கேதான் அடுக்குமாடி குறுக்கே வருகிறது. 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த தடங்கள், வழக்கமாக மூன்றுதான்: 1, 6, 11. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாரும் இந்த மூன்றுக்குள் அடங்கவேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.45-ல்தான்.

ரவுட்டர் எதையும் அனுப்புமுன் சேனலைக் கேட்டுப் பார்க்கும். அதில் வேறு யாராவது அனுப்பிக்கொண்டிருந்தால், அது அடுத்த வீட்டு ரவுட்டராகவே இருந்தாலும், முடியும்வரை காத்திருக்கும். ஒரு மண்டபமே ஒரே மைக்கில் பேசுவது மாதிரி. சிக்னல் கோடுகள் முழுசாக நின்றும் படம் நகராததற்குப் பல நேரம் இதுதான் காரணம். கோடுகள் அலையின் பலத்தைக் காட்டும். வரிசையின் நீளத்தைக் காட்டாது. வீட்டுக் கோடியில் ஒரு பழைய டேப்லெட் மெதுவாக அனுப்பினால் மற்ற கருவிகளும் சேர்ந்து தாமதமாகும்.

ஸ்மார்ட் பல்ப், ரோபோ வேக்யூம் போன்றவற்றை முதன்முதலில் இணைக்கும்போது 'கருவி கிடைக்கவில்லை' என்று ஆப் அடம்பிடிக்கும். அவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. உங்கள் கைபேசியோ அதே பெயரில் 5-ல் இருக்கும். ரவுட்டரில் 5-ஐச் சற்று நேரம் அணைத்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

மெஷ் (ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு) வாங்கினால் எல்லாம் தீரும் என்று நம்பி, இரண்டாவது பெட்டியைச் சிக்னல் வராத அறையிலேயே வைக்கிறவர்கள் அதிகம். வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கித் தரும்? நல்ல சிக்னல் இன்னும் இருக்கிற பாதி வழியில் வைக்கவேண்டும். கேபிள் கொடுத்தால் இன்னும் நல்லது. அண்மையில் கட்டிய பிடிஓ வீடுகளில் அறைச் சுவர்களிலேயே டேட்டா பாயிண்ட், அதாவது இணையக் கேபிள் செருகும் துளை, இருக்கிறது. செங்காங்கில் ஓர் அக்கா, "டெலிபோனுக்குன்னு நினைச்சு அலமாரியை வச்சு மறைச்சுட்டோம் தம்பி" என்றார். அந்தக் கேபிள்களின் மறுமுனைகள் பொதுவாக வாசல் பக்கப் பெட்டியில் வந்து சேரும். ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து அங்கே ஒரு கேபிளைச் செருகி, மெஷ் பெட்டியை அறையில் உள்ள பாயிண்ட்டில் மாட்டினால் அலைக்குக் கான்கிரீட்டைத் தாண்டும் வேலையே இல்லை. அந்த ஓர் அறையை நிரப்பினால் போதும்.