ஒளிவினையூக்கி: ஊக்குவது ஒளியா, பொடியா?

கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக மாற்றும் ஆய்வு பற்றித் தமிழில் செய்தி வரும்போதெல்லாம் "ஒளியை வினையூக்கியாகப் பயன்படுத்தி" என்று ஒரு தொடர் கண்ணில் படுகிறது. இது தவறு. சின்னத் தவறுதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஆய்வில் எது வேலை செய்கிறது, எது செலவாகிறது என்பதே இந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

போட்டோகேட்டலிஸ்ட் என்பதைத் தமிழில் ஒளிவினையூக்கி என்கிறோம். நல்ல சொல்தான். அதை எப்படி விரிக்கிறோம் என்பதில்தான் சிக்கல். சாரைப்பாம்பு என்றால் சாரையாகிய பாம்பு. அதே போக்கில் இதையும் ஒளியாகிய வினையூக்கி என்று படித்துவிடுகிறார்கள். காற்றாலை என்ற சொல்லைப் படிப்பது போலப் படித்தால் சரியாக வரும். காற்றால் இயங்கும் ஆலை என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறோம், காற்றே ஆலை என்று யாரும் நினைப்பதில்லை. பள்ளியில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று படித்தோமே, அதுதான் இது: ஒளியால் இயங்கும் வினையூக்கி. வினையூக்கி என்பது கையில் அள்ளக்கூடிய ஒரு பொருள், பெரும்பாலும் ஒரு பொடி. ஒளி அதற்குத் தீனி.

மூலச்சொல்லைப் பார்ப்போம். போட்டோ என்பது ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேட்டலிசிஸ் என்ற கிரேக்கச் சொல்லில் கட்டா என்பது கீழே, லீயின் என்பது அவிழ்ப்பது, தளர்த்துவது. இதை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், 1835-இல். தான் தீராமல் மற்றவற்றின் வினையை நடத்திவைக்கும் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டியிருந்தது அவருக்கு.

தமிழ் வேறு வழியில் போயிற்று. ஊக்கு என்றால் முனையச் செய்வது, கிளப்பிவிடுவது. ஊக்கி என்ற வடிவமே குறளில் இருக்கிறது, 473-ஆம் குறள்: "உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்." தன் வலிமை எவ்வளவு என்று தெரியாமல் மன எழுச்சியில் இறங்கி நடுவழியில் முறிந்துபோனவர்கள் பலர் என்பது பொருள். அங்கே ஊக்கி வினையெச்சம்; வினையூக்கியில் அதே வடிவம் பெயராக, ஊக்குகிற பொருள் என்று நிற்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வெறும் ஊக்கி என்றே எழுதுகிறார்கள், சுருக்கமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் வினைவேகமாற்றி என்பதும் உண்டு. அது துல்லியமான சொல், ஆனால் அதன் முன்னால் ஒளியையும் சேர்த்தால் வாயில் நுழையாது. எனக்கு ஒளிவினையூக்கியே போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வினையூக்கி பின்னாலிருந்து தள்ளிவிடுவதில்லை, வினை ஏறிக் கடக்க வேண்டிய மேட்டைத் தாழ்த்திக் கொடுக்கிறது. அந்த வகையில் தளர்த்துவது என்ற கிரேக்கப் படிமம் நம் ஊக்கியைவிட ஒரு படி நெருக்கம் என்றே சொல்வேன்.

சரி, கார்பன் டை ஆக்சைடு எங்கே வருகிறது? கதை தண்ணீரில் தொடங்குகிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் அகிரா ஃபுஜிஷிமா. தண்ணீருக்குள் ஒரு டைட்டானியம் டை ஆக்சைடு படிகம், ஒரு பிளாட்டினம் துண்டு, இரண்டையும் இணைக்கும் கம்பி. படிகத்தின் மேல் செனான் விளக்கின் ஒளி பட்டதும் படிகத்தில் ஆக்ஸிஜன் குமிழிகளும் பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் குமிழிகளும் வந்தன. ஒளியால் தண்ணீர் பிரிந்தது. இதை இருவரும் 1972-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். துத்தநாக ஆக்சைடு மாதிரிப் பொருள்கள் இப்படித் தண்ணீரில் ஒளி படும்போது தாமே அரிபட்டுக் கரையும். டைட்டானியம் டை ஆக்சைடு அப்படியே நின்றது. தீராமல் நிற்பதுதானே வினையூக்கியின் அடையாளம்.

1979-இல் இவர்கள் இருவரும் இருந்த நான்கு பேர் குழு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்திப் (செமிகண்டக்டர்) பொடிகளைத் தண்ணீரில் கலக்கி, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, ஒளியைப் பாய்ச்சியது. ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் கிடைத்தன. இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் இந்தச் சோதனையின் பெயர் வந்துவிடும். (கனவு இதைவிடப் பழையது. இத்தாலியின் பொலோனியாவில் ஆய்வுக்கூட மொட்டைமாடியில் வெயிலில் குடுவைகளை வரிசையாக வைத்து வினைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாகோமோ சியாமிசியன், நிலக்கரியை விட்டு வெயிலுக்கு மாறுங்கள் என்று 1912-லேயே சொன்னார்.)

பொடிக்குள் நடப்பது இதுதான். ஒரு ஒளித்துகள் விழுந்ததும் உள்ளிருக்கும் ஒரு எலக்ட்ரான் மேல் பட்டைக்கு, அதாவது ஆற்றல் கூடிய நிலைக்கு, தாவுகிறது, அது விட்டுப்போன இடத்தில் ஒரு துளை. துளை, தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்ஸிஜனை வெளியேற்றுகிறது. தாவிய எலக்ட்ரான் மேற்பரப்புக்கு வந்து கார்பன் டை ஆக்சைடுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் கஷ்டம். பெரும்பாலான எலக்ட்ரான்கள் மேற்பரப்பை எட்டுவதற்குள் மறுபடி துளையிலேயே விழுந்துவிடுகின்றன, இடைக்கண் முரிந்தார் பலர் என்பது இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு மெத்தனால் மூலக்கூறு உருவாக 6 எலக்ட்ரான் வேண்டும், மீத்தேனுக்கு 8. ஒளியோ ஒவ்வொன்றாகத்தான் தருகிறது. அதுபோக டைட்டானியம் டை ஆக்சைடில் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவக் கடக்க வேண்டிய ஆற்றல் இடைவெளி பெரியது, சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதாக் கதிர் இல்லாமல் அது அசையாது, வெயிலில் புற ஊதா நூற்றுக்கு 5 பங்கு அளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் பொருளைத் தேடி இத்தனை பேர் உழைப்பது அதனால்தான்.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமும் இல்லை. பல வருஷம் வெயில் பட்ட வெள்ளைப் பெயிண்ட் சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டும் இல்லையா? பெயிண்டின் வெள்ளை நிறமே டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலைக் குடித்து, தன்னைச் சுற்றியிருக்கும் பசையை அது மெல்ல மெல்லச் சிதைப்பதும் அந்த மாவுக்கு ஒரு காரணம். இதைத் தடுக்கத்தான் பெயிண்டுக்குப் போகும் துகள்களுக்கு சிலிகா, அலுமினா பூச்சு கொடுக்கிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன தவறுக்கு வருகிறேன். ஒளியை ஏன் வினையூக்கி என்று சொல்லக்கூடாது? ஒளி தீர்ந்துபோகிறது. விழுங்கப்பட்ட ஒளித்துகள் திரும்பி வருவதில்லை. கரி எரிந்து மிஞ்சிய சாம்பல் போன்றது கார்பன் டை ஆக்சைடு. அதை மறுபடி எரிபொருளாக்குவது மேடு ஏறுகிற வேலை, வெளியிலிருந்து ஆற்றல் போட்டே ஆக வேண்டும். அந்தச் செலவு முழுவதும் ஒளியின் கணக்கு. வழியில் இருக்கும் மேட்டை வினையூக்கி தாழ்த்தலாம், ஆனால் போய்ச் சேரும் இடமே உயரத்தில் இருப்பதால் வரும் இந்தச் செலவை எந்த வினையூக்கியும் தள்ளுபடி செய்ய முடியாது. இதனாலேயே, இப்படி ஆற்றலைச் சேமிக்கும் வினைக்கு ஒளிவினையூக்கம் என்ற பெயரே பொருந்தாது, செயற்கை ஒளிச்சேர்க்கை என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாதிடும் வேதியியலாளர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் நியாயமாகவே படுகிறது, ஆனாலும் பழக்கத்தில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதைவிட அதைச் சரியாக விரித்துப் படிப்பது எளிது.

அப்புறம் இன்னொரு சொல், இது இன்னும் மோசமாகக் குழப்புகிறது. இந்த ஆய்வை ஆங்கிலத்தில் கார்பன் டை ஆக்சைடு ரிடக்‌ஷன் என்பார்கள், தமிழில் அது குறைப்பு ஆகிவிடுகிறது. புகை வெளியேற்றத்தை அளவில் குறைப்பது குறைப்பு. மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பது ஒடுக்கம், இலங்கையில் தாழ்த்தல். முதலாவது கொள்கை முடிவு, இரண்டாவது குடுவைக்குள் நடக்கும் வினை. ஒடுக்கம் என்று எழுதினால் வாசகருக்குப் புரியாது என்று பயந்தால் "எலக்ட்ரான் ஏற்றி மாற்றுவது" என்று விரித்தே எழுதலாமே.

மாற்றியது உண்மைதானா என்று பார்க்க ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். பொடியின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கரிம அழுக்கு சிதைந்தும் மீத்தேன் வரலாம். அதனால் சாதாரணக் கார்பனைவிட (கார்பன்-12) எடை ஒன்று கூடிய கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, வரும் மீத்தேனை மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமானியில் பார்க்கிறார்கள். 17 காட்டினால் செலுத்திய வாயு மாறியிருக்கிறது. 16 மட்டும் என்றால் வந்தது வெறும் அழுக்கு.

அந்தச் செய்தித் தொடரை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "சூரிய ஒளியில் இயங்கும் ஒளிவினையூக்கி ஒன்றைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை ஒடுக்கி மெத்தனாலாக மாற்றியிருக்கிறார்கள்." யாழ்ப்பாணத்து மாணவருக்கு என்றால் காபனீரொட்சைட்டைத் தாழ்த்தி என்று மாற்றிக்கொள்ளலாம்.