கேப்ஷன் எழுதியதை ஏன் அழித்து அழித்து எழுதுகிறது?

போன ஏப்ரலில் ஏற்காட்டில் காபி விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. காபிச் செடியைக் குடைந்து அழிக்கும் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு பறக்கும் பருவம், அதனால் நல்ல கூட்டம். காது மந்தமான பெரியவர்கள் நாலைந்து பேர் வருவார்கள் என்று முன்பே தெரிந்ததால், மேடையில் பேசுவது அப்படியே எழுத்தாகத் திரையில் ஓடட்டும் (இதைத்தான் கேப்ஷன் என்கிறோம்) என்று சேலத்திலிருந்து லேப்டாப்பும் புரொஜெக்டரும் எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தேன். டீ நேரத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தோளைத் தட்டினார். எழுபது வயது இருக்கும்.

"ஏனுங்க தம்பி, அது ஒரு வார்த்தைய எழுதுது, நான் படிக்கறதுக்குள்ள அதையே அழிச்சுப்போட்டு வேற எழுதுது. தெரியாமத்தான் எழுதுதுங்களா?"

அன்றைக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆமாம், தெரியாமல்தான் எழுதுகிறது. ஆனால் அந்தத் தெரியாமையை அது கையாளும் விதம் இருக்கிறதே, இந்தத் தொழில்நுட்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக் பிடிக்கும் ஒலியலையைக் கணினி வினாடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண் வரிசையை 25 மில்லிவினாடித் துண்டுகளாக, 10 மில்லிவினாடிக்கு ஒன்று வீதம், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்க்கிறது. ஆயிரக்கணக்கான மணிநேரப் பேச்சைக் கேட்டுப் பழகிய நியூரல் நெட்வொர்க் என்ற கற்றுக்கொள்ளும் நிரல் ஒன்று, இந்தத் துண்டு 'வ' ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு, 'ப' ஆக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடுகிறது. இதுவரைக்கும் சரி. விஷயம் இதற்கப்புறம்தான்.

நம் பக்கத்தில் 'ழ'வைப் பெரும்பாலும் 'ள' என்றுதான் சொல்கிறோம். வேகத்தில் 'ள'வும் 'ல'வும்கூட ஒன்றுபோலக் கேட்கும். ஒருவர் "பனியில வளி தெரியாம" என்று ஆரம்பிக்கிறார். அது வலியா, வழியா? அந்த நொடியில் காதுக்கே தெரியாது. கணினி இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதைத் தூக்கிப் போடுவதில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே அடுத்த சொல்லைக் கேட்கிறது. அடுத்த சொல்லுக்கும் நாலைந்து சாத்தியம், அதற்கடுத்ததற்கும் அப்படியே. கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போனால் தாங்காது என்பதால், ஒவ்வோர் அடியிலும் மதிப்பெண் குறைந்த கிளைகளை வெட்டிவிட்டு முதல் சில கிளைகளை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறது. திரையில் நாம் பார்ப்பது அந்தக் கணத்தில் முதலிடத்தில் இருக்கும் கிளையை. பேச்சாளர் "சுத்திக்கிட்டு இருந்தமுங்க" என்று முடித்ததும் வலி பின்தங்கி, வழி முன்னால் வந்துவிடுகிறது. அப்போதுதான் திரையில் பழைய சொல் அழிந்து புதுச் சொல் வருகிறது.

வாக்கு எண்ணும் நாளில் டிவி பார்ப்போமே, அதேதான். மூன்றாவது சுற்றில் ஒருவர் முன்னிலை, ஏழாவது சுற்றில் இன்னொருவர். முன்னிலை மாறினால் டிவிக்காரர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை, இன்னும் எண்ணி முடியவில்லை என்று நமக்குத் தெரியும். கேப்ஷனில் கடைசி நாலைந்து சொற்கள் எல்லாமே 'முன்னிலை'தான், 'வெற்றி' இல்லை.

இதை நம் காதும் செய்கிறது என்பதுதான் இதில் அழகு. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், ஆங்கில வாக்கியம் ஒன்றில் ஒரு சொல்லின் முதல் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமல் சத்தத்தை வைத்தார். மிச்சம் இருந்தது 'ஈல்' என்பது மட்டும். வாக்கியத்தின் கடைசியில் ஆரஞ்சு என்று வந்தால் கேட்டவர்கள் 'பீல்', அதாவது தோல், என்று கேட்டதாகச் சொன்னார்கள். ஷூ என்று வந்தால் 'ஹீல்', குதிகால். பின்னால் வந்த சொல்தான் முன்னால் கேட்டதை நிர்ணயித்தது, அதுவும் அப்படி ஒரு திருத்தம் நடந்தது கேட்டவருக்கே தெரியாமல். மூளை அழித்து எழுதுவதை நமக்குக் காட்டுவதில்லை, கணினி காட்டிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் காட்டுவதால் வாசிப்பவருக்குக் கஷ்டம், அதுவும் உண்மை. வயதாகும்போது உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளில் உள்ள மயிர்ச் செல்கள் சாகின்றன, மறுபடி முளைப்பதில்லை. பொதுவாக உயர் அதிர்வெண்தான் முதலில் போகும். ச, த போன்ற மெல்லிய மெய்யொலிகள் மங்கி, உயிரொலிகள் மட்டும் மிஞ்சும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கத்திப் பேசினாலும் தீராது. இதை தோஷம் என்று பரிகாரத்துக்கு அலைவதையும், காய்ச்சின எண்ணெயைக் காதில் விடுவதையும் இன்னும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. எண்ணெய் செத்த செல்லை எழுப்பாது, காதின் தோலையும் சவ்வையும் வேண்டுமானால் புண்ணாக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மட்டுமே நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் கேட்டல் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. இவர்களில் எத்தனையோ பேருக்குக் கூட்டத்தில் உட்கார ஒரே வழி கண்ணால் கேட்பது.

கண்ணால் கேட்பவருக்குச் சொல் மாறினால் பார்வை பின்னால் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் அடுத்த வரி ஓடிவிடும். அதனால் டீ முடிந்ததும், உறுதியான சொற்களை மட்டும் காட்டும்படி மாற்றி வைத்தேன். எழுத்து பேச்சுக்கு இரண்டு வினாடி பிந்தியது, ஆட்டம் நின்றது.

அப்புறம்தான் பெரிய தப்பு நடந்தது.

இந்த வண்டு வெயில் விரும்பி. வெயில் படும் காபித் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும், புழு உள்ளே குடைந்துகொண்டு போகும். அதனால் மேடையில் இருந்தவர் தெளிவாகச் சொன்னார்: "அதனால இந்தப் பூச்சி பறக்கற மாசத்துல நிழல் மரத்துக் கிளையக் கழிக்க வேணாமுங்க." திரையில் வந்தது "வேணுமுங்க". நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பெரியவர்தான் கையைத் தூக்கினார். "கையை ஆட்டி வேணாங்கறாரு, எழுத்துல வேணும்னு வருதே?"

வேணும், வேணாம். நடுவில் ஒரே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். அதுவும் வாக்கியத்தின் கடைசியில், குரல் தணியும் இடத்தில். தமிழில் முன்னால் எத்தனை சொல் வந்தாலும் தலையெழுத்து கடைசி வினையில்தான் இருக்கிறது, அதற்குப் பின்னால் திருத்திக்கொள்ள உதவும் சொல் எதுவும் வராது. 'வழி'யைக் காப்பாற்றிய அதே சூழல்கணிப்பு இங்கே எதிராக வேலை செய்திருக்கும் என்பது என் கணிப்பு: கிளை கழிக்க வேண்டும் என்ற வாக்கியத்தைத்தான் அது அதிகம் பார்த்திருக்கும்.

இப்போது இந்த மென்பொருள்களின் துல்லியத்தை அளக்கும் முறையைப் பாருங்கள். மாறிய சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக வந்த சொல் எல்லாவற்றையும் கூட்டி, பேசிய மொத்தச் சொற்களால் வகுத்தால் பிழை விகிதம். மேலே உள்ள வாக்கியத்தில் 10 சொற்கள். 'அதனால' விட்டுப்போனாலும் 10 சதவீதப் பிழை, 'வேணாமுங்க' தலைகீழானாலும் அதே 10 சதவீதம். முதல் பிழையால் யாருக்கும் எதுவும் ஆகாது, இரண்டாவது பிழையில் ஒரு தோட்டமே போய்விடும். 95 சதவீதம் துல்லியம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மிச்சம் 5 சதவீதத்தில் எந்தச் சொற்கள் விழுந்தன என்று கேளுங்கள்.

மனிதர்கள் செய்தால் இந்தத் தப்பு குறையும். அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கும் கூட்டங்களுக்கும் எழுதுபவர்களின் ஸ்டெனோ இயந்திரத்தில் 22 விசைகள்தான். பியானோவில் சுரங்களைச் சேர்த்து அழுத்துவதுபோல் ஓர் அசையை ஒரே அழுத்தில் அடித்து, நிமிடத்துக்கு 225 சொல்லுக்கு மேல்கூடப் போவார்கள். அந்த மாதிரி ஆளைத் தமிழில் ஏற்காடு மலைக்குக் கூட்டிக்கொண்டு வர எனக்கு வழி இல்லை. அதனால் கணினியே நம் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு நம் குரல் வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக் குழு, மக்கள் இயல்பாகப் பேசுவதை மாவட்டம் மாவட்டமாகப் பதிவு செய்து எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. அரசுப் பணம் இதற்குத்தான் இன்னும் தாராளமாகப் போக வேண்டும் என்பேன். செய்தி வாசிப்பவரின் தமிழைக் கேட்டு வளர்ந்த கணினிக்கு எங்கள் "போலாமுங்க"வும் புரியாது, சேர்வராயன் மலைவாழ் மக்களின் பேச்சும் புரியாது.

அதுவரை கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்யலாம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் ஒலியின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும், எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். தண்டு துளைப்பான், நிழல் மரமான சில்வர் ஓக் மாதிரி அன்றைக்கு வரப்போகும் சொற்களை முந்தின நாளே மென்பொருளுக்குப் பட்டியலாகக் கொடுங்கள், கிளைகளுக்கு மதிப்பெண் போடும்போது அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஓர் ஆள் திரையையே பார்த்துக்கொண்டு திருத்த உட்காரட்டும். அன்று அந்த ஆள் நான்தான், தவறவிட்டேன்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "அழிச்சா அழிக்கட்டுமுங்க தம்பி. வேணும் வேணாம் வர்ற எடத்த மட்டும் செவப்புல காட்டுங்க, நான் ஆளு மூஞ்சியப் பார்த்துக்கறேன்."

அதற்கான நிரலை எழுதிவிட்டேன். வேணும், வேணாம், கூடாது, இல்லை என்று எது வந்தாலும் சிவப்பில், பெரிய எழுத்தில் வரும். வண்டு அக்டோபரில் மறுபடி பறக்கும், அந்தக் கூட்டத்தில் ஓட்டப்போகிறேன்.