‘ஷூ நாட்டுப் பாதை கடினம்’: லி பாய் கவிதையில் இல்லாத பொருளைத் தேடாதீர்கள்

கல்லூரியில் மொழிபெயர்ப்புகளின் வழியே சீனக் கவிதை நடத்துகிறேன். ஷூ என்பது சீனாவின் தென்மேற்கில் மலைகள் சூழ்ந்த பகுதி. தாங் வம்சக் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லி பாய் எழுதிய ‘ஷூ நாட்டுப் பாதை கடினம்’ கவிதையைக் கொடுத்து மையக்கருத்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு வகை விடைதான் வரும். ‘வாழ்க்கைப் பாதை கரடுமுரடானது, விடாமுயற்சி இருந்தால் வெல்லலாம்’ என்பது ஒன்று. ‘பேரரசர் சுவான்சோங் தலைநகரை விட்டு ஓடியதைக் கவிஞர் மறைமுகமாகச் சாடுகிறார்’ என்பது இன்னொன்று. இணையத்தில் தேடினாலும் இவைதான் கையில் சிக்கும். இரண்டுமே இந்தக் கவிதைக்குப் பொருந்தாது. பழங்கவிதைக்குப் பொருள் சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதற்கு இது நல்ல உதாரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விடாமுயற்சி. ‘ஷூவுக்குப் போகும் பாதை வானத்தில் ஏறுவதைவிடக் கடினம்’ என்ற வரி கவிதையில் மூன்று முறை வருகிறது. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. இடையில் எங்காவது ‘ஏறிவிடலாம்’ என்ற நம்பிக்கை வருகிறதா என்று தேடிப் பாருங்கள். ஓர் இடத்திலும் இல்லை. ‘இத்தனை ஆபத்தான இடத்துக்கு, தொலைவிலிருந்து வருகிறவரே, ஏன் வந்தீர்?’ என்றுதான் கேட்கிறார். ஷூவிலுள்ள செங்டு நகரம் இன்பமானது என்று சொன்னாலும், சீக்கிரம் வீடு திரும்புவதே மேல் என்று முடிக்கிறார். வீட்டுக்குத் திரும்பிவிடு என்று சொல்கிற கவிதையில் விடாமுயற்சியை எப்படிப் பார்ப்பது?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். ‘பயணம் கடினம்’ என்ற தலைப்பிலும் லி பாய் எழுதியிருக்கிறார். அந்த வரிசையின் புகழ்பெற்ற பாடல்தான் பெருங்காற்றில் அலைகளைப் பிளந்துகொண்டு பாய்விரித்துக் கடல் கடக்கும் நாள் வரும் என்று முடிகிறது. தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் அதன் பொருளைத் தூக்கி இதற்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரே கவிஞர், ஒரே மாதிரி தலைப்பு, ஆனால் மனநிலை நேரெதிர்.

அடுத்தது அரசியல். இங்கே கொஞ்சம் நாள் கணக்குப் பார்க்க வேண்டும்.

படைத்தலைவர் ஆன் லூஷான் பேரரசுக்கு எதிராக நடத்திய கலகம் தொடங்கியது 755 கடைசியில். சுவான்சோங் தலைநகர் சாங்ஆனை விட்டு ஷூவுக்கு ஓடியது 756-இல். இந்தக் கவிதையோ யின் ஃபான் என்பவர் தொகுத்த ஒரு கவிதைத் திரட்டில் இருக்கிறது. அந்தத் திரட்டு 753 வரையிலான கவிதைகளைக் கொண்டது. யின் ஃபான் இந்தக் கவிதையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விந்தையிலும் விந்தை என்று வியக்கிறார். மன்னர் ஓடுவதற்கு மூன்று ஆண்டு முன்பே பலர் படித்துவிட்ட கவிதை, அந்த ஓட்டத்தை எப்படிச் சாடும்? அதோடு, மன்னர் ஷூவுக்குப் போனதைப் பற்றி லி பாய் தனியாகப் பத்துப் பாடல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் செங்டுவை ஓவியம் போன்ற நகரம் என்று புகழ்கிறார்.

இதைப் போலவே இன்னொரு கதையும் உண்டு. ஷூவின் ஆளுநர் யான் வூ கொடுமைக்காரர், அவர் கையில் சிக்கிய கவிஞர் து ஃபூவுக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சி லி பாய் இதை எழுதினார் என்று 1060-இல் முடிந்த தாங் வம்சத்துப் புதிய வரலாற்று நூலே சொல்கிறது. அரசாங்க வரலாறு சொன்னால் நம்பத்தானே தோன்றும்? ஆனால் யான் வூ அந்தப் பொறுப்புக்கு வந்தது 750-களின் கலகம் வெடித்த பிறகு. அதே 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஷென் குவோ இதைக் கவனித்துவிட்டார். லி பாய் தலைநகருக்கு வந்த புதிதில் மூத்த கவிஞர் ஹே ஜிஜாங் இந்தக் கவிதையைப் படித்து மெய்ம்மறந்து பாராட்டினார் என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. ஹே ஜிஜாங் 744-இல் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். அப்படியானால் யான் வூ எங்கே, கவிதை எங்கே என்று ஷென் குவோ கேட்டார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தெளிவாக மறுத்த செய்தி இன்றும் குறிப்பேடுகளில் உலவுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, அப்படியானால் கவிதை எதைப் பற்றியது? யார், எங்கே நின்று, யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். பயணி ஒருவர் மலையேறும்போது நட்சத்திரங்களைக் கையால் தொடுகிறார், மூச்சு முட்டுகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். அந்த நட்சத்திரங்கள் சும்மா வரவில்லை. பழைய சீன வானியலில் வானத்தின் ஒவ்வொரு பகுதியும் மண்ணில் ஒரு நாட்டுக்கு உரியது. ‘ஜிங்’ என்ற விண்மீன் கூட்டம் சின் நாட்டின், அதாவது சாங்ஆன் பகுதியின் வானம், ‘ஷென்’ என்பது ஷூ நாட்டின் வானம். அவர் தடவிச் செல்வது இரண்டு நாடுகளின் எல்லையை. அதாவது வடக்கே சாங்ஆன் பக்கமிருந்து சின்லிங் மலைகளைத் தாண்டி ஷூவுக்கு, இன்றைய சிச்சுவானுக்குப் போகிற பயணம். ‘மேற்கே போகிறாயே, எப்போது திரும்புவாய்?’ என்று கவிதை நடுவில் ஒருவரைக் கேட்கிறது. கடைசி வரியில் பேசுகிறவர் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். தலைநகர்ப் பக்கம் நின்றுகொண்டு, கிளம்புகிற ஒருவரை நினைத்துக் கவலைப்படுகிற குரல் இது. நண்பரை வழியனுப்பிய கவிதை என்று பல ஆய்வாளர்கள் சொல்வதற்கு இந்த வரிகளே ஆதாரம். என் முடிவும் அதுதான்.

அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதையும் மாணவர்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். செங்குத்துப் பாறையில் துளை குடைந்து, உத்திரக் கட்டைகளை அதில் செருகி, மேலே பலகை பரப்பியிருப்பார்கள். கீழே ஆறு. பலகை உளுத்துப்போனாலோ மழையில் வழுக்கினாலோ அவ்வளவுதான். கவிதையில் வரும் ‘கருஞ்சேற்று மலை’ கற்பனைப் பெயர் இல்லை. ஓயாத மழையால் வழிப்போக்கர்கள் சேற்றில் மாட்டிக்கொள்ளும் இடம் என்று தாங் காலத்து நிலவியல் நூல் அந்தப் பெயருக்குக் காரணம் சொல்கிறது. நூறு காலடிக்குள் ஒன்பது வளைவு என்று லி பாய் எழுதுவது இந்த இடத்தைத்தான். 2017 டிசம்பரிலிருந்து அதிவேக ரயில் அதே மலைகளைச் சுரங்கங்கள் வழியே சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் இருந்துகொண்டு படிக்கும்போது கவிஞரின் பயம் வெறும் மிகையாகத் தெரிவது இயல்பே.

மிகை இருக்கிறது, மறுக்கவில்லை. 48,000 ஆண்டு ஷூவுக்கும் சின்னுக்கும் போக்குவரத்தே இல்லை என்கிறார். பாம்பின் வாலைப் பிடித்து இழுத்த வீரர்கள்மேல் மலை சரிந்த பிறகே பாதை உண்டாயிற்று என்ற பழங்கதையைச் சொல்கிறார். லி பாய் வளர்ந்தது ஷூவில்தான். இளைஞராக ஊரை விட்டுக் கிளம்பியது யாங்சி ஆற்று வழியாக. கேட்ட கதை, படித்த நூல், சொந்த மண்ணின் நினைவு எல்லாம் சேர்ந்த பாதை இது. தலைப்பும் அவருடையது அல்ல. அது பழைய இசைப்பாடல் தலைப்பு, முன்பே வேறு கவிஞர்களும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஷூ மலைகளின் இடர்களைப் பாடுவது அந்தத் தலைப்புக்கே உரிய மரபு. இதைச் சொல்லாமல் எழுதும் எந்த விளக்கமும் அரைகுறைதான்.

அப்புறம் ஜியான்கே கணவாய். ஒருவன் காவல் நின்றால் பத்தாயிரம் பேரால் நுழைய முடியாது, காவலன் நம்பிக்கைக்கு உரியவன் இல்லையென்றால் ஓநாயாக மாறுவான் என்கிறார். அரசியல் வாசிப்புக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தை. இதில் அரசியல் அச்சம் இருப்பது உண்மை. ஆனால் அது 750-களில் பிறந்த அச்சம் அன்று. நான்கு நூற்றாண்டுக்கு மேல் முந்திய ஜாங் ஜாய் என்பவர் ஜியான்கே பற்றி எழுதிய வாசகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. மன்னர் ஆணைப்படி அது அந்த மலையிலேயே பொறிக்கப்பட்டது. லி பாய் அதை எடுத்து ஆள்கிறார். சீனாவின் மையம் பலவீனப்படும்போதெல்லாம் ஷூ தனி நாடாகப் பிரிந்த வரலாறும் பின்னால் நிற்கிறது. 755-க்குப் பிறகு படித்தவர்களுக்கு இந்த வரிகள் தீர்க்கதரிசனமாகப் பட்டிருக்கும். அது அவர்களுடைய அனுபவம். அதைக் கவிஞரின் நோக்கம் என்று எழுதக்கூடாது.

கவிஞரின் பதவி முயற்சி தோற்ற வலியே மலைப்பாதையாக உருவெடுத்தது என்றும் சிலர் வாசிக்கிறார்கள். கவிதையில் பதவி, அரசுப் பணித் தேர்வு பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் இதை நான் முதன்மைப் பொருளாக ஏற்பதில்லை. ஆனால் இதை ஒதுக்கவும் மாட்டேன், ஏனென்றால் சான்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யாவ் ஹே, தேர்வில் வென்று ஷூவுக்குத் திரும்பும் நண்பரை வழியனுப்பும்போது, லி பாய்க்கு அந்தப் பாதை கடினமாக இருந்தது வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டதால்தான், நீயோ நினைத்ததை முடித்துப் போகிறாய், உனக்கு எந்த ஆபத்தும் தெரியாது என்று எழுதினார். இந்தச் சான்றைக் காட்டி, வரிகளோடு பொருத்தி ஒரு மாணவர் எழுதினால் முழு மதிப்பெண் கொடுப்பேன்.