பனி ஓவியத்தில் யார், என்ன வேலை செய்கிறார்கள்?

கும்பகோணத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டுப் பனி ஓவியம் எதைக் காட்டினாலும் "சூப்பர் சீனரி சார்" என்பார்கள். பெற்றோரும் அப்படித்தான். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. காலண்டர் படம் பார்த்த பழக்கத்தில், உள்ளே இருக்கிற மனிதர்களைக் கவனிக்காமலே போய்விடுகிறோம்.

நெதர்லாந்துப் பகுதி ஓவியர் பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 162 செ.மீ. அகலமுள்ள மரப்பலகை ஓவியம். போனில் பார்த்தால் வெள்ளை மலையும் உறைந்த குளத்தில் விளையாடுபவர்களும்தான் தெரியும். பெரிதாக்கி, இடது ஓரத்துக்கு வாருங்கள். மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்கிறார்கள். ஒருவர் தோளில் மட்டும் ஒரே ஒரு நரி தொங்குகிறது. நாய்கள்கூடத் தலையைத் தொங்கப்போட்டிருக்கின்றன.

வகுப்பில் இதை முதலில் கண்டது பத்து வயதுப் பெண் ஒருத்தி. அவள் அப்பா வயலில் எலிக்கிட்டி வைப்பவர். சாயங்காலம் வைத்துவிட்டு விடியற்காலையில் எடுக்கப் போவார். "கிட்டியில ஒண்ணும் விழாத அன்னைக்கு எங்கப்பாவும் இப்படித்தான் சார் குனிஞ்சு நடந்து வருவாரு" என்றாள். எத்தனையோ வருடமாக இந்தப் படத்தைக் காட்டுகிறேன். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அப்புறம் எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். சத்திரத்துப் பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. வாசலில் பன்றி மயிர் பொசுக்க மூட்டிய தீ. சிறு பாலத்தில் விறகுக் கட்டோடு ஒரு பெண். வலது மூலையில் மாவு ஆலையின் நீர்ச்சக்கரம் பனிக்கட்டியில் இறுகி நிற்கிறது. நமக்குப் பனி என்றால் மார்கழி மூடுபனி, புல்நுனி ஈரம். அந்த ஊரில் பனி ஆலையையே நிறுத்திவிடும். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் புழங்குவதால், ஆசிரியர்கள் இதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

சரி, அந்த மலை? புரூகல் வாழ்ந்த நாட்டில் அப்படி மலை கிடையாது. இத்தாலிக்குப் போய்வந்த வழியில் ஆல்ப்ஸைப் பார்த்தவர், அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எதார்த்த ஓவியம் என்றாலும் இடத்தை மாற்றி அமைக்கலாம். ஆட்களின் நடை பொய்யாகக் கூடாது. டெல்டாப் பிள்ளைகள் மலை வரைந்தால் முன்பு திட்டுவேன். இப்போது, அடிவாரத்தில் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

போன வாரம் அந்தப் பெண் வரைந்து வந்த படத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன், முன்னால் வரப்பு. வரப்பில் ஒருவர் கிட்டிகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். கையில் மூன்று எலி.