பள்ளத்தாக்கில் ஏற்றம் கடைசியில்தான் வரும்

மலையேறப் போனால் கஷ்டம் முதலிலேயே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம். வரும் வழி இறக்கம்தான். ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். காலையில் தெம்போடு மளமளவென்று இறங்கிவிடுகிறோம். வெயில் ஏறி, குடிதண்ணீர் தீர்ந்து, கால் தளர்ந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கிறது. நான் மேற்கு வட கரோலைனாவில் எமர்ஜென்சி மருத்துவராக இருக்கிறேன். லின்வில் பள்ளத்தாக்கிலிருந்து நான் பார்க்கும் கணுக்கால் முறிவுகள் பெரும்பாலும் பிற்பகலில் நடந்தவை.

இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளை அதிகம் சேதப்படுத்துவது இந்த வேலைதான். மூச்சு வாங்காததால் களைப்பு தெரியாது. ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு எழும்போதுதான் முழங்கால் நடுங்கும். லின்வில்லின் பேபல் டவர் பாதை ஒன்றேகால் மைலுக்குள் சுமார் 900 அடி இறங்குகிறது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி என்பதால் உள்ளே வழிகாட்டும் குறிகளும் இருக்காது. இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். தண்ணீரிலும் பாதிக்கு மேல் ஏற்றத்துக்கென்று மிச்சம் இருக்கட்டும்.

கீழே கால் உடைந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. போனில் சிக்னல் கிடைக்காது. ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கலாம் என்றாலும், அதற்குத் திறந்த வானம் வேண்டும். பாறைச் சுவரும் மரங்களும் மறைக்கும். ஸ்ட்ரெச்சரை ஆறு பேர் தூக்கி, மாற்றி மாற்றிச் சுமந்து ஏற வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். மூடுபனியிலும் இருட்டிலும் ஹெலிகாப்டரை நம்ப முடியாது.

அப்படிக் காத்திருந்த ஒருவரை ஒரு ஜூலை மாதம் பார்த்தேன். முறிவு சாதாரணமானதுதான். ஆனால் தொடைவரை நனைந்த ஜீன்ஸ், நீலம் பாய்ந்த உதடு. பட்டனைக் கழற்ற விரல் வளையவில்லை. உடல் வெப்பம் 34 டிகிரி செல்சியஸ். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் விலகிவிடும். ஈரத்துணியோடு பாறைமேல் அசையாமல் கிடந்தால் கோடையிலும் உடல் குளிர்ந்துபோகும். பருத்தித் துணியும் ஜீன்ஸும் வேண்டாம். உலர்ந்த மேல்சட்டை ஒன்று, மழைக்கோட்டு, தலையில் மாட்டும் ஹெட்லைட், இந்த மூன்றும் பகல் நடைக்கும் பையில் இருக்கட்டும்.

லின்வில் ஆறு 12 மைலுக்குள் ஏறக்குறைய 2,000 அடி இறங்குகிறது. மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீரை உயர்த்திவிடும். நிறம் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். கடக்கும்போது பையின் இடுப்புவாரைக் கழற்றிவிடுங்கள். ஓட்டம் இழுத்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டமே ஆளை முகங்குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும். ஆழம் குறைவான தண்ணீரிலும் உயிர் போகும். மல்லாந்து, கால்கள் முன்னால் இருக்க மிதந்து கரை ஒதுங்குங்கள்.

ஜார்ஜியாவில் ஏறக்குறைய 1,000 அடி ஆழமுள்ள டலூலா பள்ளத்தாக்கின் அடிப்பகுதிக்கு ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுமதி. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் அதுவும் கிடையாது. செருப்போடு போனால் விடமாட்டார்கள். அட்லாண்டாவிலிருந்து பிள்ளைகளோடு போய் ஏமாந்து திரும்புகிறவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் அங்கே காவலில் இருக்கும் ரேஞ்சர் மறுப்பது சரி என்றே சொல்வேன்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் லின்வில் பாதைகளைச் சிதைத்துப்போட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிக்குறிப்புகளை நம்பாமல், வனத்துறையின் இன்றைய அறிவிப்பைப் பாருங்கள்.

எந்தப் பாதை, கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்று வீட்டில் எழுதி வையுங்கள். வீட்டார் சார்லட் நகரிலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் அது சார்லட் மையத்துக்குத்தான் போகும். லின்வில் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பர்க் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) இருக்கிறது. இணைப்பை அங்கே மாற்றச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.